மெய்நிகர் கணினியின் வட்டை எங்கே வைப்பது: பார்ட்டிஷனா, லாஜிக்கல் வால்யூமா, கோப்பா?

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டத் திட்டமிடுபவர் எடுக்கும் முடிவுகளில், பின்னாளில் மாற்றுவதற்கு மிகக் கடினமானது வட்டு அமைப்பைப் பற்றிய முடிவுதான். நினைவகம் போதவில்லை என்றால் கணினியை நிறுத்தி ஓர் எண்ணை மாற்றினால் போதும். செயலியின் பங்கும் அப்படியே. வட்டை எந்த வடிவில் வைத்தோம் என்பதை மாற்ற வேண்டுமானால், அதில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஜிபி தரவை வேறோரிடத்துக்கு நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு இடம் வேண்டும். அந்த நேரத்துக்குச் சேவையை நிறுத்தவும் வேண்டும்.

பொதுப்படையாகப் பேசினால் எல்லா வழிகளும் நல்லவையாகவே தோன்றும் என்பதால், ஒரு குறிப்பிட்ட அமைப்பை முன்வைத்தே ஒப்பிடுகிறேன். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம் ஓடும் ஒரு லினக்ஸ் ஹோஸ்ட் (அவற்றைத் தாங்கும் உண்மையான சர்வர்), அதில் 1.92 டிபி கொள்ளளவுள்ள இரண்டு எஸ்எஸ்டிகள், ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி ரெய்டு 1 முறையில் இணைக்கப்பட்டுள்ளன. தரவுத்தளம், மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, இணையதளங்களுக்கு மூன்று என ஆறு நிரந்தரக் கணினிகள். அவை தவிர, சோதனைக்காக உருவாகி மறையும் சில. இவை அனைத்தையும் கவனிக்க ஒரே ஒருவர், அவருக்கும் வேறு வேலைகள் இருக்கின்றன. இந்தக் கடைசி விவரம் மற்ற எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

கேள்வி இரண்டு அடுக்குகளில் எழுகிறது. மெய்நிகர் கணினி தன் வட்டு என்று நம்புவதை ஹோஸ்டில் எதன் மேல் வைப்பது என்பது ஒன்று. அந்த வட்டுக்குள் மெய்நிகர் கணினி எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியாக முடிவெடுக்கும்போதுதான், ஹோஸ்டிலும் எல்விஎம் (வட்டின் இடத்தைத் துண்டுகளாக்கி லாஜிக்கல் வால்யூம்களாகப் பகிர்ந்தளிக்கும் லினக்ஸ் வசதி), உள்ளேயும் எல்விஎம் என்று யாரும் கேட்காமலேயே இரட்டை அடுக்கு வந்து அமர்ந்துவிடுகிறது.

பார்ட்டிஷனை ஏன் உடனே ஒதுக்கலாம்

ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஹோஸ்டின் வட்டில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது தொடர்ச்சியான ஒரு பகுதியை, நேரடியாகக் கொடுக்கும் வழி பார்வைக்கு எளிமையானது. இடையில் எந்த மென்பொருள் அடுக்கும் இல்லை. பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் பழைய எம்பிஆர் அட்டவணையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்கள், 512 பைட் செக்டரில் (வட்டின் மிகச் சிறிய அலகு) 2 டிபி எல்லை என்ற தடைகள் இருந்தன. புதிய ஜிபிடி அட்டவணை வந்த பிறகு வழக்கமாக 128 இடங்கள் கிடைப்பதால் எண்ணிக்கை இப்போது பிரச்சினையே இல்லை. பிரச்சினை அடுத்தடுத்த செக்டர்களில்தான் இருக்கிறது. ஒரு பார்ட்டிஷன் தன் முடிவுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தால் மட்டுமே வளர முடியும். அங்கே பக்கத்துக் கணினியின் வட்டு தொடங்கியிருந்தால், வட்டின் மறுகோடியில் 500 ஜிபி சும்மா கிடந்தாலும் பயனில்லை. சுவரோடு சுவராகக் கட்டிய வீட்டில் நடு வீட்டுக்காரர் அறை எடுத்துக் கட்ட முடியாத நிலைதான் இது. ஆறு கணினிகளில் எது வளரும் என்று முதல் நாளிலேயே சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டுமே இவ்வழி பொருந்தும்.

எல்விஎம் பிறந்ததே இந்தத் தடையை நீக்கத்தான். எச்பி-யுஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்த முறையை முன்மாதிரியாகக் கொண்டு 1998இல் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கு அதை எழுதினார். வட்டு முழுவதும் சம அளவுத் துண்டுகளாக எண்ணப்படுகிறது. இயல்பான அளவு 4 எம்பி. லாஜிக்கல் வால்யூம் என்பது அத்துண்டுகளின் பட்டியல் மட்டுமே, அவை அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே எந்த வால்யூமும் எந்த நேரத்திலும், ஓடிக்கொண்டிருக்கும்போதே, வால்யூம் குழுவில் (துண்டுகளின் பொதுக் கையிருப்பில்) எங்கே காலியிடம் இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு வளரலாம். பார்ட்டிஷனை ஒதுக்கிய பிறகு, மிச்சமிருக்கும் போட்டி மூன்று வழிகளுக்கு இடையில்தான்: முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கும் சாதாரண லாஜிக்கல் வால்யூம், எழுத எழுத இடம் பெறும் தின் வால்யூம், கோப்பு முறைமையின் மேல் வைக்கப்படும் க்யூகவ்2 வடிவ வட்டுக் கோப்பு.

கோப்பு தரும் வசதி

க்யூகவ்2 கோப்பின் பெரிய பலம், அது ஒரு கோப்பு என்பதே. நகலெடுக்கலாம், வேறு சர்வருக்கு அனுப்பலாம், என்எஃப்எஸ் போன்ற பொதுச் சேமிப்பகத்தில் வைத்து ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஒரு மூலக் கோப்பின் மேல் மாற்றங்களை மட்டும் தாங்கும் மேலடுக்குக் கோப்புகளை உருவாக்கி, ஒரே வார்ப்பிலிருந்து பத்துச் சோதனைக் கணினிகளைச் சில நொடிகளில் எழுப்பலாம். பேக்கப்பில் இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு: முந்தைய நகலுக்குப் பிறகு மாறிய பகுதிகள் எவை என்ற குறிப்பைக் கணினி நின்று எழுந்த பிறகும் இழக்காமல், கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க, கேவிஎம்முடன் சேர்ந்து மெய்நிகர் வட்டுகளைக் கையாளும் க்யூஎமு இவ்வடிவத்தில்தான் வழி தருகிறது. மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்பை, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வெர்ட் வழியாகச் செய்ய விரும்புபவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிய அச்சம் ஓரளவு பழையது. க்யூகவ்2 தன் உள்ளடக்கத்தை 64 கேபி துண்டுகளாக வைத்து, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் தானே பராமரிக்கிறது. அட்டவணையின் தேவையான பகுதி நினைவகத்தில் இல்லாவிட்டால் ஒரு வாசிப்பு இரண்டாகிறது. இயல்பான துண்டு அளவில், 1 எம்பி தற்காலிக நினைவகம் 8 ஜிபி வட்டின் அட்டவணையைத் தாங்கும். க்யூஎமு 3.1 முதல் லினக்ஸில் இதன் இயல்பான உச்சவரம்பு 32 எம்பி, அதாவது 256 ஜிபி வரையுள்ள வட்டுக்கு எதையும் தொட வேண்டியதில்லை. அதற்கு மேல் போகும் தரவுத்தள வட்டில்தான் இந்தக் கூடுதல் அடுக்கு உணரப்படும். அங்கேயும் முன்கூட்டியே இடம் ஒதுக்கி உருவாக்கினால் வேறுபாடு குறையும்.

இடம் தீர்ந்துபோகும் தருணத்தில் கோப்பு நடந்துகொள்ளும் விதம் நாகரிகமானது என்றே சொல்ல வேண்டும். ஹோஸ்டின் கோப்பு முறைமை நிறைந்துவிட்டால், க்யூஎமு இயல்பாகவே அந்த மெய்நிகர் கணினியை இடைநிறுத்துகிறது. எழுத வந்த தரவு கைவிடப்படுவதில்லை. வேண்டாத கோப்பு ஒன்றை அழித்து, தொடரச் சொன்னால் கணினி விட்ட இடத்திலிருந்து தொடரும். பயனர்கள் தொலைபேசியில் அழைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இதன் குறை, அடுக்குகளின் எண்ணிக்கை. உள்ளே ஒரு கோப்பு முறைமை, அதன் கீழ் க்யூகவ்2, அதன் கீழ் ஹோஸ்டின் கோப்பு முறைமை, அதற்கும் கீழ் ரெய்டு. ஒரு கோளாறு வந்தால் தேட வேண்டிய இடங்கள் அத்தனை. மேலடுக்குக் கோப்புகளை ஸ்னாப்ஷாட்டாக (வட்டின் ஒரு கண நிலையைப் பிடித்துவைக்கும் பதிவாக) பயன்படுத்திவிட்டு இணைக்க மறந்தால், ஆறு மாதங்களில் ஏழெட்டுக் கோப்புகள் சங்கிலியாகத் தொங்கும்; நடுவில் ஒன்றைத் தெரியாமல் அழித்தவருக்குப் பேக்கப்தான் துணை.

சாதாரண வால்யூம்: சலிப்பூட்டும் நம்பகம்

முழு இடத்தையும் ஒதுக்கிய லாஜிக்கல் வால்யூமை அப்படியே மெய்நிகர் கணினிக்குக் கொடுத்தால், இடையில் கோப்பு முறைமை இல்லை. துண்டுகளின் பட்டியலைப் பார்த்து முகவரியை மாற்றிக்கொடுக்கும் டிவைஸ் மேப்பர் மட்டுமே உண்டு. 200 ஜிபி என்று ஒதுக்கினால் 200 ஜிபி இருக்கிறது. ஒரு கணினி அளவு மீறி எழுதினால் அதன் வட்டு மட்டும் நிறையும். பக்கத்துக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. ஒருவரே கவனிக்கும் சர்வருக்கு இதைவிடப் பெரிய தகுதி இல்லை.

ஸ்னாப்ஷாட்டில் இது பலவீனமானது. சாதாரண வால்யூமுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தால், அதன் பிறகு மூல வால்யூமில் ஒரு பகுதி முதன்முறையாக மாற்றப்படும் ஒவ்வொரு தடவையும், பழைய உள்ளடக்கம் முதலில் வாசிக்கப்பட்டு ஸ்னாப்ஷாட்டின் இடத்தில் எழுதப்பட்ட பிறகே புதியது எழுதப்படுகிறது. ஒரே வால்யூமுக்கு மூன்று ஸ்னாப்ஷாட்கள் இருந்தால் இந்தச் சுமை மூன்று முறை. ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால் அது செல்லாததாகிவிடும். மூல வால்யூமுக்குப் பாதிப்பில்லை என்பது ஆறுதல். ஆகவே இதை இரவு பேக்கப் ஓடும் ஒரு மணி நேரத்துக்கான கருவியாகக் கருத வேண்டுமே தவிர, வாரக்கணக்கில் வைத்திருக்கும் திரும்பும் புள்ளியாக அல்ல.

அதிகம் பேசப்படாத இன்னொரு குறையும் உண்டு. ஒரு வால்யூமை அழித்து, அதே துண்டுகளில் புதியதை உருவாக்கினால், பழைய உள்ளடக்கம் துடைக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் சில கேபியும், அடையாளம் காணப்பட்ட பழைய முத்திரைகளும் மட்டுமே அழிக்கப்படுகின்றன. நேற்றுவரை மின்னஞ்சல் இருந்த இடத்தை இன்று வெளியாருக்கான கணினிக்குக் கொடுத்தால், அவர் தன் வட்டை முதலிலிருந்து வாசித்து மிச்சமிருப்பதைப் பார்க்கலாம். வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு இடம் கொடுப்பவர்கள், வால்யூமை விடுவிக்கும் முன் அதைத் துடைக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். தின் வால்யூமில் இந்த ஆபத்து இயல்பாகவே இல்லை. புதிதாகத் தரப்படும் ஒவ்வொரு துண்டும் பூஜ்யங்களால் நிரப்பப்பட்டே தரப்படுகிறது.

தின் பூல்: கடன் வாங்கிச் செலவழிப்பது

லினக்ஸ் கெர்னல் 3.2இல், 2012 ஜனவரியில், தின் வால்யூம் வந்து சேர்ந்தது. பெரிய வால்யூம் ஒன்றைப் பூலாக வைத்து, அதிலிருந்து எத்தனை வால்யூம்களையும் எவ்வளவு பெரிதாகவும் அறிவிக்கலாம். உண்மையில் எழுதப்படும்போதுதான் துண்டுகள் செலவாகும். ஸ்னாப்ஷாட்டுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டியதில்லை, ஸ்னாப்ஷாட்டுக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், பல இருந்தாலும் சாதாரண வால்யூமில் வரும் பெருக்கற்சுமை இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மெய்நிகராக்கத் தொகுப்புகளின் வழக்கமான நிறுவலில் மெய்நிகர் கணினிகளுக்கான இடம் தின் பூலாகவே அமைவதற்கு இந்த வசதிகள்தான் காரணம்.

விலை எங்கே இருக்கிறது என்பதைப் பலர் நிறைந்த பிறகே அறிகிறார்கள். 1 டிபி பூலின் மேல் 2 டிபிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பூல் நிறைந்தால், இயல்பான அமைப்பில் எழுத்துகள் 60 நொடிகள் வரிசையில் காத்திருக்கின்றன. அதற்குள் பூல் பெரிதாக்கப்படாவிட்டால் பிழை திருப்பப்படுகிறது. புதிய துண்டு கேட்கும் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இதில் மாட்டிக்கொள்கின்றன, இடத்தைத் தின்றது ஒன்றே ஒன்றாக இருந்தாலும். நான் பராமரித்த ஒரு ஹோஸ்டில், ஒரு சோதனைக் கணினியின் பதிவேட்டுக் கோப்பு இரவு முழுவதும் பெருத்ததன் விளைவை மறுநாள் காலை தரவுத்தளக் கணினியில்தான் கண்டேன். குற்றவாளியைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. தரவுத் துண்டுகள் நிறைவதைவிட மோசமானது, எந்தத் துண்டு எந்த வால்யூமுடையது என்ற குறிப்பைத் தாங்கும் மெட்டாடேட்டா பகுதி நிறைவது. அப்போது பூல் வாசிப்புக்கு மட்டுமான நிலைக்குப் போய், பழுதுபார்த்த பிறகே மீள்கிறது. இரண்டின் நிரம்பல் சதவீதத்தையும் எல்விஎஸ் கட்டளை காட்டும். பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

பூல் தானாக வளரும்படி அமைக்கலாமே என்று கேட்கலாம். அமைக்கலாம், ஆனால் எத்தனை சதவீதம் நிரம்பினால் வளர வேண்டும் என்ற எல்லை எல்விஎம் அமைப்புக் கோப்பில் இயல்பாக 100 என்று இருக்கிறது, அதன் பொருள் தானியங்கி வளர்ச்சி அணைக்கப்பட்டிருக்கிறது என்பதே. 70 அல்லது 80 என்று மாற்றி, கண்காணிக்கும் சேவை ஓடுகிறதா என்று உறுதிசெய்து, குழுவில் காலித் துண்டுகளையும் வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். முழு வட்டையும் பூலுக்கே கொடுத்துவிட்டவருக்கு வளர எங்கே இடம்?

மேலும், மெய்நிகர் கணினிக்குள் கோப்பை அழித்தால் பூலுக்கு இடம் திரும்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. காலியான இடங்களைக் கீழே அறிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை உள்ளிருந்து ஓட வேண்டும். லிப்வெர்ட் வரையறையில் அந்த வட்டின் டிஸ்கார்டு அமைப்பு அன்மேப் என்று இருக்க வேண்டும். வட்டு இணைக்கப்பட்ட முறையும் அக்கட்டளையைக் கடத்த வேண்டும். விர்ட்டியோ-ஸ்கசி என்ற இணைப்பு முறையில் இது நெடுநாளாக உண்டு. விர்ட்டியோ-பிளாக்கில் க்யூஎமு 4.0, கெர்னல் 5.0 முதல்தான் வந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் பூல் ஏறுமுகமாகவே இருக்கும், ஒருபோதும் இறங்காது.

உள்ளே எப்படிப் பிரிப்பது

இரண்டாம் அடுக்குக்கு வருவோம். மெய்நிகர் கணினிக்குள் இயங்குதளத்தை நிறுவும்போது நிறுவி தானாகவே ஓர் அமைப்பை முன்மொழிகிறது, பெரும்பாலானோர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த முன்மொழிவுகள் உண்மையான கணினிகளை மனத்தில் வைத்து உருவானவை. டெபியனின் பல பதிப்புகளில் எம்பிஆர் அட்டவணையோடு வழக்கமான வழியில் நிறுவினால், முதலில் ரூட் (இயங்குதளம் இருக்கும் முதன்மைக் கோப்பு முறைமை), அதன் பின் நீட்டிக்கப்பட்ட பார்ட்டிஷனுக்குள் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டுப் பகுதி) என்று அமைகிறது. ஹோஸ்டில் வால்யூமை 20லிருந்து 40 ஜிபியாக வளர்த்தால், புதிய 20 ஜிபி ஸ்வாப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். ரூட்டுக்கும் அதற்கும் நடுவில் ஸ்வாப் காவலிருக்கும். ஸ்வாப்பை அணைத்து, அழித்து, ரூட்டை நீட்டி, மறுபடி ஸ்வாப்பை அமைத்து, மாறிய அடையாள எண்ணை எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் திருத்த வேண்டும். செய்யக்கூடியதுதான், ஆனால் இரவு பதினொரு மணிக்குச் செய்ய விரும்பும் வேலையல்ல.

உள்ளே எல்விஎம் வைத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது என்பது உண்மை; புதிய இடத்தை எங்கிருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். ரெட் ஹாட் வழி நிறுவிகளும் உபுண்டு சர்வர் நிறுவியும் இதைத்தான் முன்மொழிகின்றன. உபுண்டுவில் 200 ஜிபி வட்டு கொடுத்தும் ரூட் 100 ஜிபிதான் காட்டுகிறதே என்று திகைப்பவர்கள், மிச்சம் குழுவுக்குள் ஒதுக்கப்படாமல் இருப்பதைப் பிறகு கண்டுகொள்கிறார்கள்.

ஆனால் இரட்டை எல்விஎம்மின் சங்கடம், கணினி நலமாக ஓடும் நாளில் தெரியாது. அது எழாத நாளில்தான் தெரியும். ஒரே வார்ப்பிலிருந்து நகலெடுத்த ஆறு கணினிகளுக்கும் உள்ளே ஒரே பெயருள்ள வால்யூம் குழு, ஒரே அடையாள எண்கள். பழுதான ஒன்றின் வட்டை, நலமாக இருக்கும் இன்னொன்றில் இணைத்துப் பார்க்கலாம் என்றால், அங்கும் அதே பெயர், அதே எண். எல்விஎம் எதை ஏற்பது என்று தெரியாமல் மறுக்கிறது. விஜிஇம்போர்ட்குளோன் கொண்டு நகலுக்குப் புதிய பெயரும் எண்ணும் கொடுத்து, பார்த்துச் சரிசெய்து, திரும்ப வைக்கும்போது துவக்கக் கோப்புகளில் பழைய பெயர் இருப்பதை நினைவுகூர வேண்டும். முன்பெல்லாம் ஹோஸ்டே தன் வால்யூம்களுக்குள் எட்டிப்பார்த்து, மெய்நிகர் கணினிகளுக்கு உரிய குழுக்களைத் தன்னுடையவை என்று எழுப்பிவிடும் ஆபத்தும் இருந்தது. 2018 வாக்கில் வெளியான பதிப்புகளிலிருந்து ஹோஸ்ட் தன் லாஜிக்கல் வால்யூம்களுக்குள் தேடுவது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஹோஸ்டிலும், வால்யூம் அல்லாமல் முழு வட்டையே மெய்நிகர் கணினிக்குக் கொடுத்த இடத்திலும், வடிகட்டியை நாமே எழுத வேண்டும்.

மூன்றாவது வழியொன்று இருக்கிறது, எளிமை காரணமாகவே கவனிக்கப்படாமல் போகிறது. தரவுக்கென்று தனி மெய்நிகர் வட்டைக் கொடுத்து, அதில் பார்ட்டிஷன் அட்டவணையும் இல்லாமல், எல்விஎம்மும் இல்லாமல், கோப்பு முறைமையை நேரடியாக வட்டின் மேலேயே அமைப்பது. ஹோஸ்டில் எல்விஎக்ஸ்டெண்டு, விர்ஷ் பிளாக்ரீசைஸ், உள்ளே கோப்பு முறைமை எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ். மூன்று கட்டளைகளில், கணினியை நிறுத்தாமலேயே வட்டு வளர்ந்துவிடும். அட்டவணை இருந்தால் நடுவில் குரோபார்ட் ஒரு படி கூடும், ஜிபிடியின் பின்நகல் பழைய முடிவிலேயே தங்கிவிடுவதைச் சரிசெய்யும் வேலையும் சேரும். இன்னொரு பயன்: கணினி எழாவிட்டால், அதை முழுமையாக நிறுத்திய பிறகு, ஹோஸ்டிலேயே அந்த வால்யூமை மவுண்ட் செய்து பார்க்கலாம். நிறுத்தாமல் செய்யக் கூடாது. வாசிப்புக்கு மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் எக்ஸ்ட்4 தன் ஜர்னலை (முடிவடையாத மாற்றங்களின் குறிப்பை) வட்டில் எழுதித் தீர்க்க முயலும், அதே வட்டை உள்ளே இன்னொரு கெர்னல் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது அது தரவைக் குலைக்கும்.

சுருக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்விஎம் சுருங்கும் என்பதால் வட்டும் சுருங்கும் என்று கணக்குப் போடக் கூடாது. எக்ஸ்ட்4ஐ மவுண்ட் செய்யாத நிலையில் சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை நடைமுறையில் சுருக்க வழியில்லை, புதிதாக ஒன்றை உருவாக்கித் தரவை நகர்த்தத்தான் வேண்டும். எனவே சிறிதாகத் தொடங்கி வளர்ப்பதே எந்த வழியிலும் சரியான திசை.

இந்தச் சர்வருக்கு நான் தேர்ந்தது

வளர்த்தல், பிரித்தல், ஸ்னாப்ஷாட் ஆகிய பொறுப்புகள் ஹோஸ்டின் எல்விஎம்மிடம் மட்டும் இருக்க வேண்டும், மெய்நிகர் கணினிகளுக்குள் வட்டு வெறும் வட்டாகவே தெரிய வேண்டும் என்பதே என் முடிவு. ஆறு நிரந்தரக் கணினிகளுக்கும் சாதாரண லாஜிக்கல் வால்யூம். ஒவ்வொன்றுக்கும் 20 ஜிபி அளவில் ஓர் இயங்குதள வட்டு. அதில் ஜிபிடி அட்டவணை, ரூட் கடைசிப் பார்ட்டிஷனாக இருக்கும், ஸ்வாப் ஒரு கோப்பாக மாறும். தரவு தனி வால்யூமில், அட்டவணை இல்லாமல்: தரவுத்தளத்துக்கு 300, மின்னஞ்சலுக்கு 250, கோப்புப் பகிர்வுக்கு 400, இணையதளங்கள் மூன்றுக்கும் தலா 40 ஜிபி.

சோதனைக் கணினிகளுக்கு நேர்மாறான தேவை: அவை பிறந்து மறைய வேண்டும், இடம் தீர்ந்தால் அவை மட்டுமே நிற்க வேண்டும். 200 ஜிபி வால்யூம் ஒன்றில் எக்ஸ்எஃப்எஸ் அமைத்து, அதை வட்டுக் கோப்புகளுக்கான கோப்புறையாக மவுண்ட் செய்து, க்யூகவ்2 கோப்புகளை அதற்குள் வைக்கிறேன். தரவை மறுபடி எழுதாமல் பகிர்ந்துகொள்ளும் எக்ஸ்எஃப்எஸ்ஸின் ரீஃப்லிங்க் வசதியால் வார்ப்புக் கோப்பின் முழு நகலும் ஒரு நொடியில் கிடைக்கிறது, மேலடுக்குச் சங்கிலிகூடத் தேவைப்படுவதில்லை. வேலி 200 ஜிபியில் நிற்கிறது. உள்ளே எது பெருத்தாலும் தரவுத்தளத்தை எட்டாது.

தின் பூலை இங்கே தவிர்த்தேன். இருபத்து நான்கு மணி நேரமும் எச்சரிக்கையைப் பார்த்து எழுந்து வர ஆள் இருக்கும் இடத்திலோ, வாக்குக் கொடுத்த மொத்த இடம் பூலின் உண்மை அளவைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டு ஸ்னாப்ஷாட் வசதிக்காக மட்டும் பயன்படுத்தும் இடத்திலோ, நான் அதையே தேர்ந்திருப்பேன். இரண்டாவது சர்வர் வந்து, கணினிகளை ஓடும்போதே இடம் மாற்ற வேண்டிய தேவை எழுந்தால் கோப்புகளின் பக்கம் தராசு சாயும். ஒரு தின் பூலை இரண்டு ஹோஸ்டுகள் ஒரே நேரத்தில் எழுப்ப முடியாது, உள்ளூர் வால்யூமை மாற்ற வேண்டுமானால் வட்டின் முழு உள்ளடக்கத்தையும் வலைப்பின்னல் வழியே அனுப்ப வேண்டும்.

1.92 டிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது 1024 கணக்கில் ஏறத்தாழ 1788 ஜிபி. ஹோஸ்டுக்கு 60 ஜிபி, மேலே சொன்ன வால்யூம்களுக்கு 1390 ஜிபி போக, 330 ஜிபிக்குச் சற்றுக் கூடுதலாகக் குழுவில் எவருக்கும் தராமல் விட்டிருக்கிறேன். இரவு பேக்கப்பின்போது உருவாகும் ஸ்னாப்ஷாட்கள் அதிலிருந்து இடமெடுத்துக்கொண்டு காலையில் திருப்பித் தருகின்றன. மின்னஞ்சல் வட்டு 85 சதவீதத்தைத் தாண்டும் நாளில் அதற்கு முதல் 50 ஜிபியும் அங்கிருந்துதான் போகும்.